ஆண்டெனாவைச் சேர்த்தீர்கள், சோதனையை ஏன் விட்டீர்கள்?

பெறுநர்: தமிழ்நாடு வட்டத்தில் சேவை தரும் செல்பேசி நிறுவனங்களின் நெட்வொர்க் திட்டமிடல் தலைவர்கள், டவர் நிறுவனங்களின் வட்டப் பொறுப்பாளர்கள்

நகல்: தொலைத்தொடர்புத் துறையின் தமிழ்நாடு உரிமப் பகுதி அலுவலகம்

ஐயா, அம்மையீர், வணக்கம்.

செக்டாருக்கு (டவர் ஒரு திசையில் பார்க்கும் பகுதி) மூன்று, நான்கு என்று தொங்கிய ஆண்டெனாக்களை இறக்கிவிட்டு, பத்து, பன்னிரண்டு போர்ட் (கேபிள் மாட்டும் வாய்) வைத்த ஒற்றை ஆண்டெனாவை ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள். இடமில்லாத மொட்டைமாடிகளில் சிக்னல்களை ஒன்றாக்கும் காம்பைனர் போட்டு, இருக்கிற ஆண்டெனாவிலேயே புது பேண்டையும் (அலைவரிசைப் பட்டையையும்) சேர்த்துவிடுகிறீர்கள். இதை எதிர்த்து நான் எழுதவில்லை. சைட்டில் ஆர்.எஃப். (ரேடியோ அலை) வேலை பார்க்கிறவன் நான்; என்னைக் கேட்டிருந்தாலும் இதைத்தான் செய்யச் சொல்லியிருப்பேன். என் குறை ஒன்றுதான். சேர்ப்பதால் மிச்சமாகும் பணத்தில், சேர்த்த இடம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பங்குகூட ஒதுக்கப்படுவதில்லை. ஒதுக்காமல் விட்டதன் விலையை சந்தாதாரர் கொடுக்கிறார், டவரில் ஏறி வேலை செய்யும் ரிக்கர் கொடுக்கிறார். கடைசியில் நீங்களும்தான் கொடுக்கிறீர்கள், ஆனால் அது வேறு கணக்கில் எழுதப்படுவதால் உங்கள் கண்ணில் படுவதில்லை.

சேர்க்க வேண்டிய கட்டாயம் உங்களுக்குத் தெரியும். இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஜி.எஸ்.எம். காலத்தில் 900, அப்புறம் 1800, அவ்வளவுதான். இன்று 700, 850, 900, 1800, 2100, 2300, 2500, 3300 மெகாஹெர்ட்ஸ் என்று எட்டு பேண்டுகள் இந்திய டவர்களில் ஏறக் காத்திருக்கின்றன. 26 கிகாஹெர்ட்ஸ் தனிக் கதை. ஒரே நிறுவனம் நான்கைந்து பேண்டுகளை ஏலத்தில் எடுத்து வைத்திருக்கிறது. ஒரு டவரில் மூன்று நிறுவனங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று செக்டார், பேண்டுக்கு ஒரு ஆண்டெனா என்று போட்டால் மேலே நாற்பது பலகை தொங்க வேண்டும். எந்த டவரும் தாங்காது.

தாங்காது என்பதை நம் கடற்கரைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஐ.எஸ். 875 மூன்றாம் பாகம் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகமாக நொடிக்கு 50 மீட்டரை வைத்திருக்கிறது. மதுரைக்கும் கோவைக்கும் 39. கேட்கும்போது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஆனால் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 39 மீட்டருக்குச் சதுர மீட்டருக்கு 900 நியூட்டன் சொச்சம் வருவது, 50 மீட்டருக்கு 1500 ஆகிவிடுகிறது. சதுர மீட்டருக்கு நூற்றைம்பது கிலோ பக்கவாட்டில் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். 2016 டிசம்பரில் வர்தா சென்னையிலும், 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கமும் கரையேறியதைப் பார்த்த யாரும், டவரில் எத்தனை சதுர மீட்டர் பலகை தொங்குகிறது என்பதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இதற்கு மேல் லோடிங் வாடகை. ஆண்டெனா கூடினால் வாடகை கூடும், ரேடியோ கூடினால் வாடகை கூடும். குறைத்தால் மாதாமாதம் மிச்சம். நியாயமான மிச்சம்தான், அதில் எனக்குப் பொறாமை இல்லை.

சேர்ப்பதில் நல்லது, சுமார், மோசம் என்று தரம் உண்டு. நல்லது எது என்றால், ஒரே உறைக்குள் தனித்தனி அரேக்கள் (அலை வீசும் உறுப்புகளின் வரிசைகள்) வைத்த ஆண்டெனா. சிவப்பு வளையம் போட்ட போர்ட்டுகளில் 694 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரை, மஞ்சள் வளையம் போட்டவற்றில் 1695 முதல் 2690 வரை. பேண்டுக்குப் பேண்டு போர்ட் வேறு, சாய்வு வேறு. வெளியே ஒரே பெட்டி, உள்ளே தனிக்குடித்தனம். இதில் செலவு அதிகம், வில்லங்கம் குறைவு.

அடுத்தது டைப்ளெக்ஸர், ட்ரைப்ளெக்ஸர்; இரண்டு மூன்று பேண்டுகளை ஒரே கேபிளில் சேர்த்துப் பிரிக்கும் பெட்டிகள். 900உம் 1800உம் தூரத்து உறவு. இரண்டையும் ஒரே கேபிளில் விட்டுப் பிரித்தெடுக்க அரை டெசிபெல்லுக்கும் குறைவான இழப்பே ஆகும். 1800உம் 2100உம் அப்படி இல்லை. முதலாவதின் டவுன்லிங்க் (டவரிலிருந்து போனுக்கு) 1880இல் முடிகிறது, இரண்டாவதின் அப்லிங்க் (போனிலிருந்து டவருக்கு) 1920இல் தொடங்குகிறது. இடையில் நாற்பது மெகாஹெர்ட்ஸ்தான். அந்த இடைவெளிக்குள் கூர்மையாக வெட்டும் ஃபில்டர் நல்ல தரத்தில் இருக்க வேண்டும். மலிவான பெட்டியை வாங்கி மாட்டினால் வேலை செய்வதுபோல் காட்டும். அங்கேதான் ஏமாறுகிறோம்.

மூன்றாவது ஹைப்ரிட் காம்பைனர். ஒரே பேண்டில் இரண்டு கேரியர்களை (சிக்னல் சுமக்கும் அலைகளை) ஒரே போர்ட்டில் அடைக்க வேறு வழியில்லாதபோது போடுவது. மூன்று டெசிபெல் இழப்பு. 40 வாட் ரேடியோ விட்டதில் 20 வாட்தான் ஆண்டெனாவுக்குப் போகும், மீதி சூடாகப் போகும். கரன்ட் பில் கட்டுவது நீங்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். இன்னொன்று, நான்கு போர்ட்டில் ஓடியதை இரண்டு போர்ட்டாக அடைத்தால் நான்கு போர்ட்டிலும் ஒரே நேரத்தில் அனுப்பி வேகம் கூட்டும் நாலுக்கு நாலு மைமோவும் கையைவிட்டுப் போகும். போனது திட்டத் தாளில் தெரியாது. வேகம் குறைந்தபிறகு, வண்டியில் சுற்றி அளக்கும் டிரைவ் டெஸ்ட் எடுக்க வருபவர் தலையில்தான் விடியும்.

3300 மெகாஹெர்ட்ஸில் 32, 64 சேனல் வைத்த மேசிவ் மைமோவை இந்தப் பேச்சிலேயே இழுக்க வேண்டாம். ரேடியோவும் ஆண்டெனாவும் ஒரே உடம்பு; காம்பைனரில் அடைக்க முடியாது. ரேடியோ இல்லாத பாசிவ் ஆண்டெனாவுக்குப் பின்னாலோ நடுவிலோ அதைச் செருகும் கலப்பு வடிவங்களைப் பெரிய உபகரண நிறுவனங்கள் கொண்டுவந்துவிட்டன. விலை ஒத்துவந்தால் போடுங்கள்.

இனி என் முக்கியமான புகார். பிம் என்று நாங்கள் சொல்லும் பாசிவ் இன்டர்மாடுலேஷன்.

கோயில் திருவிழாவில் கட்டிய குழாய் ஸ்பீக்கரின் உதரவிதானம் கிழிந்திருந்தால், நாதஸ்வரமும் தவிலும் உள்ளே போகும்போது இரண்டிலும் இல்லாத மூன்றாவது ஒரு கரகரப்பு வெளியே வரும் அல்லவா, அதேதான். இரண்டு அதிர்வெண்கள் ஒரு துருப்பிடித்த இணைப்பு வழியாகவோ, தளர்ந்த கனெக்டர் வழியாகவோ போகும்போது அங்கே புதிய அதிர்வெண்கள் பிறக்கின்றன. பிறப்பது எங்கே வேண்டுமானாலும் பிறந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அது நம் அப்லிங்க்கில் வந்து விழுந்தால், செல்பேசி பேசும் மெல்லிய குரல் டவருக்குக் கேட்காது.

கணக்கு கஷ்டமே இல்லை. முதல் அதிர்வெண்ணை இரட்டித்து இரண்டாவதைக் கழியுங்கள். 1800 பேண்டில் 1870இலும் 1810இலும் இரண்டு கேரியர்கள் ஒரே ஆண்டெனாவில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். 3740இல் 1810 போனால் 1930. அது 2100 பேண்டின் அப்லிங்க்குக்கு உள்ளேயே விழுகிறது. இன்னொன்று பாருங்கள்: 2115இல் ஒரு 2100 கேரியர், 1860இல் ஒரு 1800 கேரியர். 4230இல் 1860 போனால் 2370. அது 2300 பேண்டு. ஒரு நிறுவனத்தின் இரண்டு பேண்டுகளை அடுக்கினால் மூன்றாவது பேண்டு அடி வாங்குகிறது. இரண்டு நிறுவனங்கள் ஒரே ஆண்டெனாவைப் பகிர்ந்தால், ஒருவர் கேரியரால் இன்னொருவர் கஸ்டமர் கத்துவார். அப்போது டிக்கெட் யார் பெயரில் விழும்?

பகிர்வதற்கு விதி இடம் கொடுக்கிறது. ஆண்டெனா, ஃபீடர் கேபிள், நோட்-பி (அடிநிலையக் கருவி), ரேடியோ வலையமைப்பு ஆகியவற்றை நிறுவனங்கள் பகிரலாம் என்று தொலைத்தொடர்புத் துறை 2008 ஏப்ரல் வழிகாட்டுதலிலேயே சொல்லியாயிற்று. 2016இல் உரிமங்களிலும் அது ஏறிவிட்டது. டவர் நிறுவனங்களே இவற்றை நிறுவித் தரலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 மார்ச்சில் பரிந்துரையும் செய்தது. சட்டம் தயார். கிளாம்ப் தயாரா என்பதுதான் என் கேள்வி.

கிளாம்ப் என்று சொன்னது சும்மா இல்லை. ஆண்டெனாவோடு பெட்டியில் வரும் கிளாம்ப் நன்றாகக் கால்வனைஸ் செய்தது. மவுண்டிங் பைப்பின் விட்டம் பொருந்தாதபோது, அல்லது பெட்டியிலிருந்து ஒன்று வழியில் காணாமல் போனபோது, பக்கத்து லேத் பட்டறையில் எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) தகட்டில் வெட்டி, துளை போட்டு, மேலே சில்வர் பெயின்ட் அடித்து ஒன்று வருகிறது. போட்டோவில் பளபளவென்றுதான் இருக்கும். தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ எண்ணூரிலோ ஒரே ஒரு மழைக்காலம் போகட்டும், போல்ட் தலையைச் சுற்றிப் பழுப்பு வளையம் கட்டிவிடும். ஒரு பேண்டு மட்டும் ஓடும் ஆண்டெனாவின் பின்னால் அந்தத் துரு கிடந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நான்கு பேண்டுகள் ஓடும் ஆண்டெனாவின் பின்னால் அதே துரு கிடந்தால், அதுவே ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர்.

கடலோர ஊர் ஒன்றில் ஒரு சைட்டில் இதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். நிறுவனத்தின் பெயர் எதற்கு, எல்லோரிடமும் இது உண்டு. 2100இல் ஒரு பி.ஆர்.பி.க்கு (அலைவரிசையின் சிறு துண்டுக்கு) மைனஸ் 118 டி.பி.எம். (சக்தி அளவு; பூஜ்யத்தை நெருங்க நெருங்க இரைச்சல் கூடுதல்) பக்கம் நிற்க வேண்டிய அப்லிங்க் இரைச்சல், மாலை ஏழு மணிக்கு மைனஸ் 102 வரை ஏறுகிறது. நள்ளிரவுக்கு மேல் தானாக இறங்கிவிடுகிறது. பகலில் போய்ப் பார்த்தவர்கள் ரேடியோவை மாற்றினார்கள். பிறகு ஜம்பரை (ரேடியோவை ஆண்டெனாவோடு இணைக்கும் குட்டைக் கேபிளை) மாற்றினார்கள். திரும்பவும் ரேடியோவை மாற்றினார்கள். வெளியிலிருந்து யாரோ ஜாமர் போடுகிறார்கள் என்றுகூட ஒரு மெயில் போனது. ராத்திரி இரண்டு மணிக்கு 1800இல் ஓ.சி.என்.எஸ். (போலி நெரிசல் சிக்னல்) போட்டு முழுப் பவரையும் செயற்கையாக ஏற்றினோம். பயனாளி ஒருவரும் இல்லாத நேரத்தில் 2100இன் இரைச்சல் அப்படியே எழுந்து நின்றது. ஓ.சி.என்.எஸ்.ஸை எடுத்தால் படுத்தது. போடு, எழுகிறது, எடு, படுக்கிறது. ஜாமர் கதை அந்த ராத்திரியோடு முடிந்தது.

விடிந்ததும் மேலே ஏறிய ரிக்கர் தம்பி கொண்டுவந்து காட்டியது ஒரு கட்டுக்கம்பித் துண்டு. பழைய ஆண்டெனாவின் கேபிளைக் கட்ட யாரோ முறுக்கிவிட்டு மறந்தது. துருவேறி, புது ஆண்டெனாவின் பின்பக்கத்தில் கிளாம்ப் மேல் உரசிக்கொண்டு கிடந்திருக்கிறது. அதோடு பட்டறைக் கிளாம்பையும் மாற்றிய பிறகு அந்த செக்டார் அடங்கியது.

அந்தப் பதினாறு டெசிபெல் சந்தாதாரருக்கு என்ன ஆகிறது? செல்பேசி அதிகபட்சம் கத்தக்கூடியது 200 மில்லிவாட். டவர் காதில் இரைச்சல் பதினாறு டெசிபெல் ஏறினால், கட்டடங்கள் நிறைந்த பகுதியில் அந்த பேண்டின் அப்லிங்க் எட்டும் தூரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். டவுன்லிங்க் அப்படியே இருப்பதால் போனில் நாலு கோடும் நிற்கும். "சிக்னல் ஃபுல்லா காட்டுது சார், ஆனா நான் பேசுறது அவங்களுக்குக் கேக்கல" என்று வரும் புகாரில் பாதியை நீங்கள் ஹேண்ட்செட் கோளாறு என்று மூடுகிறீர்கள். போன் சூடாகிறது, சார்ஜ் இறங்குகிறது என்று சொல்பவரும் இதே ஆள்தான். டவருக்குக் கேட்கவேண்டும் என்று போன் உச்சக் குரலில் கத்திக்கொண்டே இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த டிராய் சேவைத்தர விதிகளுக்காக நீங்கள் வெளியிடும் கவரேஜ் வரைபடத்தில் அந்தத் தெரு நல்ல நிறத்தில்தான் இருக்கும். வரைபடம் டவர் பேசுவதைக் காட்டுகிறது. டவருக்குக் காது கேட்கிறதா என்று காட்டுவதில்லை.

இப்போது சைட் ஒப்படைப்பில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வி.எஸ்.டபிள்யூ.ஆர். எடுக்கிறார்கள், 1.3க்குள் இருந்தால் பச்சை. எஸ்.சி.எஃப்.டி. (ஒற்றை செல் செயல்பாட்டுச் சோதனை) ஓட்டுகிறார்கள், ஆளில்லாத செல்லில் ஒரு போனை வைத்து வேகம் பார்த்தால் யாருக்குமே பாஸ். வி.எஸ்.டபிள்யூ.ஆர். நன்றாக இருந்தும் பிம் மோசமாக இருக்கலாம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. முன்னது, அனுப்பிய சக்தி திரும்பி வருகிறதா என்று கேட்கும் கேள்வி. பின்னது, இல்லாத ஒன்று பிறக்கிறதா என்று கேட்கும் கேள்வி. ஒன்றின் பதிலை இன்னொன்றுக்கு எழுத முடியாது.

ஆண்டெனா தயாரிப்பாளர் தன் டேட்டாஷீட்டில் மைனஸ் 153 டி.பி.சி. (அனுப்பும் கேரியரோடு ஒப்பிட்ட பிம் அளவு) என்று போடுகிறார். இரண்டு 20 வாட் கேரியர்களை விட்டு எடுத்த அளவு அது. கணக்குப் போட்டால் மைனஸ் 110 டி.பி.எம். தொழிற்சாலையில் சரி. உங்கள் ரேடியோ இன்று போர்ட்டுக்கு 40 வாட் விடுகிறது. பவர் ஒரு டெசிபெல் ஏறினால் பிம் சுமார் இரண்டரை டெசிபெல் ஏறும். வாட் இரட்டிக்கும்போது, தொழிற்சாலை கொடுத்த சொகுசில் ஏழெட்டு டெசிபெல் கரைந்துவிடுகிறது. அதற்குமேல் நம் சைட்டின் கனெக்டர்கள், ஜம்பர்கள், காம்பைனர், துரு.

கனெக்டர் பற்றி ஒரு வார்த்தை. பழைய 7/16 டின் கனெக்டரை 25 நியூட்டன்-மீட்டருக்கு மேல் இறுக்க வேண்டும். பன்னிரண்டு போர்ட் ஆண்டெனாவின் அடியில் இறுக்கத்தை அளந்து திருகும் டார்க் ரெஞ்ச் நுழையவே இடமிருக்காது, தொழில் 4.3-10 கனெக்டருக்கு மாறியதில் அந்த நெருக்கடிக்கும் பங்கு உண்டு. அதற்கு 5 நியூட்டன்-மீட்டர் போதும், பிம்மும் இறுக்கத்தை அவ்வளவாக நம்பியிருக்காது. ஆனால் புது ஆண்டெனாவில் 4.3-10, பழைய ரேடியோவில் டின் என்று இரண்டையும் கட்டிவைக்க நடுவில் ஒரு அடாப்டர் போடுகிறீர்கள். ஒவ்வொரு அடாப்டரும் கூடுதலாக ஒரு மூட்டு. மூட்டுவலி எங்கே வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜம்பரை மாற்றிக் கொடுங்கள், அடாப்டரைத் தவிருங்கள். ஸ்பேர் போர்ட்டுகளுக்கு மூடி போடச் சொல்லுங்கள். டேப் சுற்றும்போது கடைசிச் சுற்று கீழிருந்து மேலே வர வேண்டும் என்பதை, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று காட்டி ஒரு முறை சொல்லிக்கொடுத்தால் போதும், பையன்கள் வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டார்கள்.

பிம் அனலைசர் பல லட்ச ரூபாய், கனமானது, பேண்டுக்கு ஒன்று வேண்டும், எல்லா சைட்டுக்கும் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பீர்கள். உண்மைதான். சைட்டுக்கு இவ்வளவு என்று பேசி, அது வெண்டரிடமிருந்து ஒப்பந்தக்காரருக்கும், அவரிடமிருந்து உள்-ஒப்பந்தக்காரருக்கும் இறங்கி, கடைசியில் ரிக்கர் குழு கைக்கு வரும்போது அந்தத் தொகையில் டார்க் ரெஞ்ச் வாங்கவே பணம் இருக்காது, அனலைசருக்கு எங்கே போவார்கள்? அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன், அவர்களிடம் அல்ல. கருவியை வட்ட அளவில் நீங்கள் வாங்கி, காம்பைனர் போடும் சைட்டுகளுக்கும் கடற்கரை மாவட்டங்களுக்கும் முதலில் அனுப்புங்கள். கருவி போக முடியாத இடத்தில் ஓ.சி.என்.எஸ். சோதனைக்குச் செலவே இல்லை. நெட்வொர்க் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ராத்திரியில் ஒருவர் உட்கார்ந்து செய்யலாம். ஸ்வாப் (ஆண்டெனா மாற்றம்) முடிந்த எல்லா சைட்டிலும், பேண்டு பேண்டாக ஏற்றி, மற்ற பேண்டுகளின் அப்லிங்க் நகர்கிறதா என்று பார்த்து, அந்த வரைபடத்தை ஒப்படைப்பு ஆவணத்தில் சேர்த்தால்தான் பில் பாஸ் என்று ஒரு வரி போடுங்கள். அனலைசர் போகும் இடத்தில், சோதனை ஓடும்போதே ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் கனெக்டரைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அசையாமல் இருக்கும்போது நல்ல பிள்ளையாக இருக்கும் மூட்டு, காற்றடிக்கும்போது சுயரூபம் காட்டும்.

அடுத்து சாய்வு. வெளியே டைப்ளெக்ஸர் போட்டு இரண்டு பேண்டுகளை ஒரே அரேயில் விட்டால், இரண்டுக்கும் ஒரே டில்ட். 40 மீட்டர் உயரத்தில் 2 டிகிரி சாய்த்தால் நடுக்கதிர் சமதரையில் சுமார் 1150 மீட்டரில் தொடும்; 4 டிகிரிக்கு 570; 8 டிகிரிக்கு 285. ஒரு டவுனில் 1800ஐ 4 டிகிரியில் அகலமாக விட்டு, நெரிசலுக்காக 2100ஐ 8இல் குறுக்கி வைத்திருப்பார்கள். சேர்த்த அன்று இரண்டும் ஏதோ ஒரு எண்ணுக்கு வந்தாக வேண்டும். நடுவில் 6 என்று வைத்துவிட்டு வருவதுதான் வழக்கம். பிறகு ஊர் ஓரத்தில் 1800 எட்டாது, கடைவீதியில் 2100 தேவைக்கு மேல் ஓடிப் பக்கத்து செல்லில் குறுக்கிடும். ஆறு மாதம் கழித்து, புது சைட் வேண்டும் என்று நீங்களே பட்ஜெட் கேட்பீர்கள். தனி டில்ட் வைத்த ஆண்டெனாவுக்குக் கூடுதலாகக் கொடுக்க மறுத்த தொகை அந்தப் புது சைட்டின் அஸ்திவாரத்துக்குக்கூடக் காணாது.

இரண்டு நிறுவனங்கள் பகிரும்போது திசையும் சேர்ந்து மாட்டிக்கொள்கிறது. ஒருவரின் அடுத்த சைட் வடக்கே, இன்னொருவருக்குக் கிழக்கே. அசிமத் யாருக்காகத் திரும்பும்? ரிமோட் டில்ட்டின் கட்டுப்பாட்டு கேபிள் யாருடைய ரேடியோவில் குத்தப்பட்டிருக்கிறது? ஒருவர் தன் அறையிலிருந்து சிவப்பு அரேயைச் சாய்க்கிறேன் என்று பட்டனை அழுத்த, பெயர் மாறிப் பதிந்திருந்ததால் மஞ்சள் அரே சாய்ந்து, பக்கத்து நிறுவனத்தின் செல் ஒரு வாரம் கோணலாக நிற்கும். இது கற்பனை இல்லை. ஒரே நிறுவனத்துக்குள்ளேயே நடக்கிறது. பகிர்வு ஒப்பந்தம் எழுதும் வக்கீல்களோடு ஒரு ஆர்.எஃப். ஆளையும் உட்கார வையுங்கள்.

மேலே ஏறுகிறவன் விஷயத்துக்கு வருகிறேன். தனித்தனி ஆண்டெனா இருந்தபோது, 900இல் வேலை என்றால் 900ஐ லாக் செய்து அலை வீசாமல் நிறுத்துவோம். மற்றதன் முகத்துக்கு நேரே போகாமல் ரிக்கர் தள்ளி நின்றுகொள்வார். எது எது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடிந்தது. இப்போது எல்லாம் ஒரே பலகை. "எல்லாம் ஆஃபா சார்?" என்று மேலேயிருந்து போனில் கேட்பான். கீழே இருப்பவர் தன் நிறுவனத்தின் 900 லாக் ஆனதைப் பார்த்துவிட்டு, "ஆஃப்தான், பாரு" என்பார். அவன் மார்புக்கு நேரே அதே பலகையிலிருந்து 1800உம் 2100உம் முழுப் பவரில் வந்துகொண்டிருக்கும். பகிர்ந்த ஆண்டெனா என்றால் அடுத்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் யாரையும் அவருக்குத் தெரியவும் தெரியாது. பகிர்ந்த ஆண்டெனா சைட்டுக்கு ஒரே ஒரு வேலை அனுமதி, ஒரே நேர இடைவெளி, எல்லா பேண்டும் எல்லா நிறுவனமும் லாக் ஆனதை டவர் நிறுவனம் ஒரே இடத்தில் உறுதிசெய்த பிறகே ஏற்றம். இதை நடைமுறைக்குக் கொண்டுவராமல் பகிர்வைத் தொடங்காதீர்கள். மற்றவற்றில் பேரம் பேசலாம். இதில் இல்லை.

அடுக்குமாடிச் சங்கங்களோடு பேசப்போகும் உங்கள் ஆட்களுக்கும் ஒன்று. "ஆண்டெனா எண்ணிக்கையைக் குறைத்துவிட்டோம், கதிர்வீச்சும் குறைந்துவிட்டது" என்று சொல்லாதீர்கள். பலகையை எண்ணி அளக்கும் விஷயமில்லை அது. இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டது. அதன்படி 900க்கு சதுர மீட்டருக்கு 0.45 வாட், 1800க்கு 0.9. எல்லா பேண்டுகளும் எல்லா நிறுவனங்களும் சேர்ந்த கூட்டுத்தொகைக்குத்தான் கணக்கு. பேண்டு சேர்த்தால் கணக்கைப் புதிதாகப் போட்டு, சுயசான்றிதழைப் புதுப்பித்து, அந்தத் தாளையே சங்கச் செயலாளரிடம் காட்டுங்கள். இன்று பொய் சொல்லி மாடியை வாங்கினால், நாளை இன்னொரு பேண்டு ஏற்றப் போகும்போது மாடிக் கதவுக்குப் பூட்டு தொங்கும்.

700 பற்றியும் சொல்லிவிடுகிறேன். இன்னும் நிறைய சைட்டுகளில் 790 முதல் 960, ஏன், 824 முதல் 960 வரை என்று லேபிள் ஒட்டிய ஆண்டெனாக்கள் தொங்குகின்றன. 700இன் டவுன்லிங்க் 758இல் தொடங்குகிறது, அப்லிங்க் 703இல். அந்த ஆண்டெனாவில் காம்பைனர் வழியாக 700ஐ ஏற்றினால் ரேடியோ அலாரம் அடிக்காமலும் போகலாம். கதிர் எங்கே போகிறது என்று யாரும் சொல்ல முடியாது. வாங்கும் குழு லேபிளைப் படிக்கட்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் இறங்கும். அதற்குள் எல்லா சைட்டையும் பார்க்க முடியாது என்று எனக்குத் தெரியும். காம்பைனர் போட்ட சைட்டுகளின் பட்டியல் உங்களிடம் இருக்கிறது. அதில் கடலிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருப்பவற்றை மட்டும் முதலில் எடுங்கள். அவற்றில் மாலை ஏழு மணி அப்லிங்க் இரைச்சலுக்கும் அதிகாலை மூன்று மணி இரைச்சலுக்கும் இடையில் ஐந்து டெசிபெல்லுக்கு மேல் வித்தியாசம் காட்டும் செல்களைப் பிரித்தெடுங்கள். எக்செலில் அரை மணி நேர வேலை. அத்தனையும் பிம்மாக இருக்காது, சில வெறும் நெரிசலாக இருக்கலாம், ராத்திரி ஓ.சி.என்.எஸ். அதைப் பிரித்துச் சொல்லிவிடும். மிஞ்சும் சைட்டுகளுக்கு ரிக்கரை அனுப்பும்போது, பையில் டார்க் ரெஞ்சும் தொழிற்சாலைக் கிளாம்ப் செட் ஒன்றும் இருக்கட்டும். அந்த ஒரு நாள் கூலியை சைட் ரேட்டில் கழிக்காமல் தனியாகக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாடு வட்டத்தில் பணிபுரியும் கள ஆர்.எஃப். பொறியாளர் ஒருவன்